கணுக்கால் அளவு நீர்: கோடியக்கரைச் சதுப்பில் பறவை நோக்கும் நடை

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்காக ஓடிவந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் ஏறத்தாழச் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சேரும் அந்த முனையில் கோடியக்கரை அமைந்திருக்கிறது. அங்கிருந்து மேற்கே, கடலிலிருந்து ஒரு மணல்திட்டு பிரித்துவைத்த தாழ்நிலமாக, வேதாரண்யம் பெருஞ்சதுப்பு முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரை நீண்டு கிடக்கிறது. வெளிமான்களைக் காக்கும் நோக்கத்தோடு 1967-ஆம் ஆண்டு கோடியக்கரையின் காடும் புல்வெளியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சரணாலயத்தையும் சதுப்பையும் முத்துப்பேட்டைக் காயலையும் உள்ளடக்கிய 38,500 எக்டேர் பரப்பு, 2002-ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் தமிழ்நாட்டின் முதல் ஈரநிலமாக இடம்பெற்றது.

ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் கையெழுத்தான அந்த உடன்படிக்கை, ஈரநிலம் என்பதற்கு மிக விரிந்த வரையறை ஒன்றைத் தருகிறது. இயற்கையானதோ செயற்கையானதோ, நன்னீரோ உவர்நீரோ, நிலையாக நிற்பதோ பருவத்தில் மட்டும் நிரம்புவதோ, நீர் சூழ்ந்த நிலமெல்லாம் அதில் அடங்கும். கடற்பகுதியானால், ஓதம் வற்றிய நேரத்தில் ஆழம் 6 மீட்டரைத் தாண்டாதிருக்க வேண்டும். அந்த ஆறு மீட்டர் சட்டத்துக்குப் பயன்படும் அளவு. சதுப்பில் இரைதேடும் பறவைகளில் மிகப் பலவற்றுக்கு ஈரநிலம் என்பது ஒரு சாண் ஆழத்துக்குள் முடிந்துவிடுகிறது; அதிலும் எண்ணிக்கையில் மிகுந்த சிறு பறவைகளுக்கு இரண்டு விரற்கடை நீரே வாழ்வின் எல்லை. கோடியக்கரையில் பறவை நோக்குவதற்காக நடப்பவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்கத் தவறுகிறார் என்பதெல்லாம் இந்தச் சில சென்டிமீட்டர் வேறுபாட்டைச் சுற்றியே அமைகின்றன.

அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே இங்கு பறவை நோக்குவதற்கு உரிய பருவம். சதுப்பின் சேறு ஆளைத் தாங்காது என்பதால், நடை பெரும்பாலும் வண்டித்தடங்களிலும் உப்பளக் கரைகளிலும் நிகழ்கிறது. விடியற்காலையில், சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி பாதையைத் தேர்ந்தெடுத்து நடப்பது வழக்கம். எதிர்வெயிலில் எல்லாப் பறவைகளும் கருநிழல்களாகத் தெரியுமாகையால், நிறத்தைக் கொண்டு இனம் காண்பது அப்போது இயலாது. வெயில் ஏறியதும் சூடான நிலத்தை ஒட்டிய காற்றடுக்கு ஒளியை வளைத்துக் கானலை உண்டாக்குகிறது. கானல் எழுந்தபின் விலையுயர்ந்த தொலைநோக்கியும் நெளியும் நிழல்களையே காட்டும். ஆகவே நுண்ணிய அடையாளங்களைப் பார்க்க வேண்டியவர்கள் தம் வேலையைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள முயல்கின்றனர்.

அந்த ஒளியில் சதுப்பின் ஓரத்தைப் பொறுமையாகக் கவனிக்கும் ஒருவர், பறவைகள் தாறுமாறாகக் கலந்து நிற்கவில்லை என்பதையும், கரையிலிருந்து நீரை நோக்கிப் பட்டை பட்டையாக அவை பிரிந்திருப்பதையும் விரைவில் உணர்வார். நீர் வடிந்து ஈரம் மட்டும் எஞ்சிய சேற்றில், கோலிகுண்டு அளவு தலையும் குட்டையான அலகும் கொண்ட உப்புக்கொத்திகள் ஓடி ஓடி நிற்கின்றன. நீர் சேற்றைத் தொடும் விளிம்பில், 20 முதல் 30 கிராம் எடை மட்டுமே உள்ள கொசு உள்ளான்கள் தலையை நிமிர்த்தாமல் கொத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குச் சற்று உள்ளே, கணுக்கால் மூழ்கும் நீரில், நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வளைந்த அலகுடைய வளைமூக்கு உள்ளான்கள் குத்தித் தேடுகின்றன. பவளக்காலிகளும் அங்கேதான் காணப்படும். இன்னும் உள்ளே, பத்து சென்டிமீட்டர் அளவு நீண்ட நேரான அலகு கொண்ட கருவால் மூக்கன்கள் முகம் நனையும்வரை தலையை அமிழ்த்துகின்றன. மெல்லிய சிவப்புக் கால்களை உடைய நெடுங்கால் உள்ளான்கள் அதே நீரில் உடல் நனையாமல் நடக்கின்றன. அதற்கப்பால் பூநாரைகளின் வரிசை. கால் எட்டாத ஆழத்தில் ஊசிவால் வாத்துகளும் ஆண்டி வாத்துகளும் மிதக்க, எல்லாவற்றுக்கும் மேலே ஆலாக்கள் மீனுக்காகக் காற்றில் நின்று பாய்கின்றன.

பல நாடுகளின் ஈரநிலங்களில் நடந்த ஆய்வுகள் இந்தப் பட்டைகளுக்கு எண்களைத் தந்திருக்கின்றன. சிறிய கரைப்பறவைகள் ஏறத்தாழ 5 சென்டிமீட்டருக்கும் குறைவான நீரையே பயன்படுத்துகின்றன. பெரிய கரைப்பறவைகள் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை இறங்குகின்றன. தலையை மட்டும் நீருக்குள் கவிழ்த்து மேயும் வாத்துகளுக்கு 25 சென்டிமீட்டர் அளவு வசதியானது. காலின் நீளம் பறவை எவ்வளவு ஆழத்தில் நிற்கலாம் என்பதையும், அலகின் நீளம் சேற்றுக்குள் எவ்வளவு தூரம் எட்டலாம் என்பதையும் தீர்மானிக்கின்றன. ஒரே சேற்றில் பல இனங்கள் பெரிய சண்டையின்றி உண்ண முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆயினும் ஒவ்வோர் இனத்துக்கும் தனி அறை ஒதுக்கப்பட்டது போன்ற கறாரான பிரிவினை இங்கு இல்லை. இரை மிகுந்த நாளில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இரை குறைந்த நாளில்தான் வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது.

உப்புக்கொத்திக்கும் உள்ளானுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆழத்தோடு முடிவதில்லை. இரையை உணரும் முறையே இரண்டுக்கும் வேறு. உப்புக்கொத்தியின் கண்கள் உடலளவுக்கு மிகப் பெரியவை. சில அடிகள் ஓடி, சட்டென நின்று, சேற்றின் மேற்பரப்பில் புழுவோ பூச்சியோ அசைகிறதா என்று பார்த்து, அசைந்தால் பாய்ந்து கொத்துவது அதன் வழக்கம். ஓடும்போது கண்ணில் படும் காட்சி முழுதும் நகர்வதால் இரையின் சிறு அசைவு புலப்படாது. அதனாலேயே அது நின்று நின்று பார்க்கிறது. தொலைவில் நிறம் தெரியாத பறவையையும் இந்த ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் கொண்டே உப்புக்கொத்தி என்று அனுபவமுள்ளவர்கள் அடையாளம் சொல்லிவிடுகின்றனர்.

உள்ளான்களோ பெரும்பாலும் தொட்டு உணர்கின்றன. அவற்றின் அலகு நுனியின் எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் எனப்படும் அழுத்த உணரிகள் கொத்தாக அமைந்துள்ளன. நடுவில் ஒரு நரம்பு முனையும், அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்கான உறையும் கொண்ட இவை, மிக மெல்லிய அதிர்வையும் அழுத்த மாற்றத்தையும் மூளைக்குத் தெரிவிக்கின்றன. மேலும், பல உள்ளான்கள் அலகின் அடிப்பகுதியைத் திறக்காமலேயே மேல் அலகின் நுனியை மட்டும் வளைத்துத் தூக்க வல்லவை. சேற்றில் முழுதும் புதைந்த அலகை விரிப்பதற்குத் தேவையான பெரும் விசையைச் செலவிடாமல், நுனியால் மட்டும் புழுவைக் கவ்வி இழுத்துவிடுகின்றன.

இந்தத் தொடு உணர்வு எவ்வளவு நுட்பமானது என்பதைத் தெயுனிஸ் பியர்ஸ்மா என்ற நெதர்லாந்து உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் 1998-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவைக்கு, ஈரமணலில் அசைவற்றுப் புதைந்திருந்த சிப்பி இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் பிரித்தறிய முடிந்தது. மணமோ ஒலியோ எழுப்பாத வெறும் கல்லைப் புதைத்தபோதும் அது கண்டுகொண்டது. அலகு மணலுக்குள் இறங்கும்போது துகள்களுக்கு இடையிலுள்ள நீர் தள்ளப்படுகிறது. அருகில் கடினமான பொருள் ஒன்று இருந்தால் நீரின் ஓட்டம் தடைப்பட்டு அழுத்தத்தின் வடிவம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அலகு நுனி படிக்கிறது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். துகள்களுக்கு இடையே நீர் இருந்தால்தான் அழுத்தம் பரவும். ஆகவே சேறு காய்ந்து இறுகும்போது உள்ளான் இரண்டு விதத்தில் இழக்கிறது: அலகு இறங்க மறுக்கிறது, இறங்கினாலும் எதையும் உணர முடிவதில்லை. இரை அங்கேயே, சில சென்டிமீட்டர் கீழே உயிரோடு இருக்கலாம்; பறவைக்கு அது இல்லாததற்குச் சமம்.

கோடியக்கரைக்கு வருவோர் பெரும்பாலும் தேடி வருவது பூநாரையை. நான்கடிக்கு மேல் உயரமும் வெளிர் இளஞ்சிவப்பு நிறமும் கொண்ட அப்பறவைக் கூட்டம் தொலைவிலிருந்தே கண்ணைப் பறிக்கும் என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் அதன் அழகைவிட அது உண்ணும் முறை நெடுநேரம் பார்க்கத் தகுந்தது. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுவில் மடங்கிய அலகின் மேற்புறம் சேற்றை நோக்கியிருக்குமாறு நீரில் வைக்கிறது. தடித்த நாக்கு ஒரு நொடியில் பலமுறை முன்னும் பின்னும் அசைந்து, நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரங்களில் வரிசையாக உள்ள மெல்லிய தகடுகள் வடிகட்டியாகச் செயல்பட்டு, சிறு இறால்கள், கொசுவையொத்த பூச்சிகளின் புழுக்கள், விதைகள், பாசிகள் ஆகியவற்றை உள்ளே நிறுத்துகின்றன. அலகை நீருக்குள் வேகமாக மூடித் திறப்பதாலும் சவ்வுள்ள பாதங்களால் சேற்றை மிதிப்பதாலும் சிறு சுழல்களை உண்டாக்கி, அடியில் ஒளிந்திருக்கும் உயிர்களைப் பூநாரை மேலே கிளப்பிக்கொள்கிறது என்பதை 2025-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஓரிடத்தில் நின்று அலகை மையமாக வைத்து வட்டமாக மிதித்துச் சுற்றுவதால், நீர் வடிந்த பிறகு சேற்றில் வட்டவட்டமான தடங்கள் எஞ்சியிருக்கும். பறவை இல்லாத நாளிலும், முன்பு அங்கு பூநாரைகள் மேய்ந்தன என்பதையும், அப்போது நீர் அந்த இடம் வரை நின்றது என்பதையும் அத்தடங்களிலிருந்து அறியலாம்.

பூநாரையின் நிறம் அதன் உணவிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து வருவது. பாசியில் தொடங்கி, பாசியை உண்ணும் இறால் வழியாகப் பறவையின் சிறகை அடைகிறது. இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில் இருந்து, சில ஆண்டுகளில் படிப்படியாக நிறம் பெறுகின்றன. இந்தியாவில் பெரும் பூநாரைகள் கூட்டமாகக் கூடு கட்டும் முதன்மையான இடம் குஜராத்தின் கட்ச் ரண். எனவே கோடியக்கரைக் கூட்டத்தில் சாம்பல் நிற இளம் பறவைகள் எத்தனை என்று தனியாக எண்ணுவது, இனப்பெருக்கம் எவ்வாறு நடந்தது என்பதற்கான ஒரு குறிப்பைத் தருகிறது. கூட்டம் முழுவதையும் ஒரே எண்ணாக எழுதிவிட்டு நகர்கிறவர்கள் இந்தச் செய்தியை இழக்கிறார்கள்.

இத்தனை பறவைகளுக்கும் சேறு எப்படிச் சோறிடுகிறது என்ற கேள்விக்கு விடை, நீரின் உப்புத்தன்மையில் உள்ளது. ஆழம் குறைந்த நீரில் வெயில் அடிவரை எட்டுவதால் சேற்றின் மேல் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்த மெல்லிய படலம் வளர்கிறது. அதைப் புழுக்களும் நத்தைகளும் பூச்சிப் புழுக்களும் உண்கின்றன. பசிபிக் கரையில் வாழும் ஓர் உள்ளான் இனம் நாவின் ஓரத்திலுள்ள மயிர்போன்ற முனைகளால் அப்படலத்தையே நேரடியாக வழித்து உண்பதும் கண்டறியப்பட்டுள்ளது. நீர் வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. உப்பு ஏறும்போது மீன்களும் பெரும்பாலான புழு இனங்களும் மறைகின்றன. ஆனால் உவர்நீர் இறாலும் உவர்நீர் ஈயின் புழுக்களும் அந்த நிலையில் போட்டியாளர்கள் இல்லாமல் ஏராளமாகப் பெருகுகின்றன. அதற்கும் மேலே உப்பு முற்றி, படிகமாகும் நிலையை நெருங்கினால் அவையும் வாழ இயலாது. உப்பளத்தின் தொடக்கப் பாத்திகளில் பூநாரைகளும் உள்ளான்களும் மேய்வதும், உப்பு விளையும் கடைசிப் பாத்திகள் வெறிச்சோடிக் கிடப்பதும் இதனால்தான். உவர்நீரில் இரைதேடும் பறவைகளுக்குக் கண்களுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் உள்ளன. இரத்தத்திலுள்ள மிகையான உப்பை அவை பிரித்து, மூக்குத் துளை வழியாகத் துளித்துளியாக வெளியேற்றுகின்றன. அலகு நுனியில் திரண்டு தொங்கும் துளியைத் தொலைநோக்கியில் காண்பவர்கள் அதைச் சதுப்பின் நீர் என்றே எண்ணிக்கொள்வதுண்டு.

சதுப்பின் நீர்மட்டம் ஓராண்டுக்குள் பெரும் மாற்றங்களைக் காண்கிறது. தமிழகக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆகவே ஐரோப்பியக் கழிமுகங்களில் நாளுக்கு இருமுறை மைல் கணக்கில் சேறு திறந்து மூடுவதைப்போல் இங்கு நிகழ்வதில்லை. வடகிழக்குப் பருவமழையும், காவிரி டெல்டாவின் வடிகால்களும், கடல்நீரும், காற்றுமே இங்கு நீரை ஆள்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் தாழ்நிலம் நிரம்புகிறது. பாமணியாறு, கோரையாறு போன்ற கிளைகள் முத்துப்பேட்டைக் காயலில் நன்னீரைச் சேர்க்கின்றன. அப்போது வாத்துகளுக்கு நல்ல காலம். ஜனவரிக்குப் பின் நீர் மெல்ல வற்றத் தொடங்குகையில், கணுக்கால் அளவு நீர் நிற்கும் அந்தக் குறுகிய பட்டை சதுப்பின் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி நகர்கிறது. கரைப்பறவைகள் அதோடு நகர்கின்றன. நாளுக்கு நாள் புதிதாக வெளிப்படும் சேற்றில் இதுவரை யாரும் தொடாத இரை காத்திருக்கிறது என்பதே அவை நகர்வதற்குக் காரணம்.

இந்த நிலம் எவ்வளவு தட்டையானது என்பதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 100 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரியும் ஒரு சேற்றுத் தரையில் நீர்மட்டம் 5 சென்டிமீட்டர் இறங்கினால், நீரின் விளிம்பு 100 மீட்டர் பின்வாங்கும். வலுவான காற்று ஒன்றே இத்தகைய ஆழமற்ற நீரை ஒரு பக்கமாகத் தள்ளி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடப் போதுமானது. நேற்று ஆயிரக்கணக்கில் பறவைகள் நின்ற இடம் இன்று காலியாகக் கிடப்பதைக் கண்டு, பறவைகள் சதுப்பை விட்டுப் போய்விட்டன என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறு. அவை தமக்கு உரிய ஆழத்தைத் தேடி ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சென்றிருக்கலாம். நீர்மட்டத்தைப் பார்க்காமல் பறவைகளை மட்டும் எண்ணுவதால் நேரும் பிழைகளில் முதன்மையானது இது.

இங்கு குளிர்காலத்தைக் கழிக்கும் கரைப்பறவைகளில் பெரும்பகுதி, ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை விரியும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் பயணிகள். கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகோடியில், மரங்களற்ற தூந்திர நிலத்தில் குஞ்சு பொரிக்கின்றன. புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் அவை உண்டு சேர்க்கும் கொழுப்பே பயணத்துக்கான எரிபொருள். மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கு மேல் ஆற்றலை ஒரு கிராமில் அடக்கிவைக்கும் கொழுப்பைச் சேர்த்து, சில இனங்கள் தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. நெடுந்தொலைவு பறக்கும் கரைப்பறவைகளில் சிலவற்றின் குடலும் ஈரலும் புறப்பாட்டுக்கு முன் சுருங்குவதும், பறக்கும் தசைகள் பெருப்பதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடியக்கரைச் சேற்றில் ஓயாமல் உண்ணும் பறவை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்கான உணவைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாரங்களில் ஆட்களோ நாய்களோ வாகனங்களோ அதை மீண்டும் மீண்டும் கிளப்பிவிட்டால், சேர்த்த கொழுப்பு வீண் பறப்பில் செலவாகிறது.

வளைமூக்கு உள்ளானின் பயணத்தில் ஒரு நுட்பமான ஒழுங்கு உண்டு. ஆண்கள் குஞ்சு வளர்ப்பில் பங்கு கொள்ளாமல் முதலில் கிளம்புகின்றன, பின்பு பெண்கள், கடைசியில், வழிகாட்ட எந்தப் பெரிய பறவையும் இல்லாமல், அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகள். ஆகஸ்ட் மாதத்தில் தமிழகக் கரையில் தென்படும் முதல் கூட்டங்களின் வயிற்றில் இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் சிவப்பின் எச்சம் திட்டுத்திட்டாக இருக்கும். பின்னால் வரும் இளம் பறவைகளின் முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிறிய விளிம்பு அமைந்து, செதில் அடுக்கியது போன்ற தோற்றம் தரும். நல்ல ஒளியில், முப்பது மீட்டர் தொலைவில், இந்த விளிம்பைத் தெளிவாகக் காண முடியும். இளம் பறவைகளின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்குகிறது; அதற்கான காரணம் லெம்மிங் எனப்படும் எலியையொத்த சிறு விலங்கிடம் இருக்கிறது. சைபீரியத் தூந்திரத்தில் லெம்மிங்குகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பிறகு வீழ்கின்றன. அவை மிகுந்த ஆண்டில் ஆர்க்டிக் நரிகள் அவற்றையே தின்று, தரையில் கூடு கட்டும் பறவைகளை விட்டுவிடுகின்றன. அவை அருகிய ஆண்டில் நரிகள் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் திரும்புகின்றன. வடதுருவத்தை ஒட்டிய ஒரு நிலத்தில் நரி எதைத் தின்றது என்பதற்கான சான்று, சில மாதங்கள் கழித்து வேதாரண்யம் சதுப்பில் செதில் முதுகுப் பறவைகளின் எண்ணிக்கையாக வந்து நிற்கிறது.

இத்தொடர்புகளை அறிய உதவிய முதன்மையான கருவி, பறவையின் காலில் இடப்படும் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பறவையியலாளர் சாலிம் அலியின் வழிகாட்டுதலில், 1960-களின் இறுதியில் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுவிக்கும் பணியைத் தொடங்கியது. இரவில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலைகளைச் சேற்றின் மேல் கட்டியும், பீகாரைச் சேர்ந்த மரபுவழிப் பறவை பிடிப்போரின் கைத்திறனைக் கொண்டும், பறவைக்கு ஊறு நேராமல் அவை பிடிக்கப்பட்டன. பறவை பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்களின் அறிவு அறிவியலுக்குத் துணைநின்ற இந்தப் பகுதி, இந்தியப் பறவையியலின் வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது. இப்போது உலோக வளையத்தோடு, நாட்டுக்கும் பகுதிக்கும் ஏற்ப நிறம் மாறும் சிறு பட்டைகளும் காலில் இடப்படுகின்றன. அவற்றைப் பறவையைப் பிடிக்காமலேயே தொலைநோக்கியால் படிக்கலாம் என்பதால், கரையில் நடக்கும் எந்த ஆர்வலரும் ஆய்வில் பங்கேற்க வழி பிறந்திருக்கிறது.

எண்ணுவதும் பழகிப் பெற வேண்டிய திறனே. பெருங்கூட்டத்தைக் கண்டு கண்மட்டத்தில் ஒரு தொகையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே சொல்கிறார்கள். முதலில் பத்தோ ஐம்பதோ பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைத்துக்கொள்ளும் பரப்பை மனத்தில் பதித்து, அதே பரப்பு கூட்டத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று அளப்பது நம்பகமான முறை. கூட்டத்தில் பல இனங்கள் கலந்திருந்தால், தொலைநோக்கியின் பார்வைப் பரப்பைச் சில இடங்களில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் இன விகிதத்தைக் குறித்து, மொத்தத் தொகையை அவ்விகிதத்தில் பிரிக்கின்றனர். பறவைகள் எவ்வளவு தூரத்தில் அஞ்சிக் கிளம்புகின்றன என்பதை அறிந்து, அதற்கு முன்பே நின்றுவிடுவது இம்முறையின் முதல் விதி. தலைகள் ஒருசேர நிமிர்ந்து, கொத்துவது நின்றுவிட்டால், நடப்பவர் எல்லையைத் தொட்டுவிட்டார் என்று பொருள். பறக்கும் கூட்டத்தைப் படம் எடுப்பதற்காக வேண்டுமென்றே அதைக் கிளப்பிவிடுவது கண்டிக்கத்தக்க செயல். எந்தப் படமும் அந்த விலைக்குத் தகுந்ததன்று.

1987-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு, தமிழ்நாடு வனத்துறையின் ஆண்டுக் கணக்கெடுப்பு, 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஆகியவை இத்தகைய நடைகளைத் தரவாக மாற்றுகின்றன. அந்தத் தரவு மகிழ்ச்சியளிப்பதாக இல்லை. இந்தியாவெங்கும் திரட்டிய பதிவுகளைக் கொண்டு 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, வலசை வரும் கரைப்பறவைகள் கடுமையாகக் குறைந்துவருவதைக் காட்டியது. வளைமூக்கு உள்ளானை 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசைக்கு மாற்றியது. ஒரு காலத்தில் கோடியக்கரையில் வலை விரித்த இரவுகளில் மிகச் சாதாரணமாகக் கிடைத்த பறவை அது.

வீழ்ச்சிக்கான காரணங்கள் வலசைப் பாதை நெடுகப் பரவியிருக்கின்றன என்றாலும், வேதாரண்யம் சதுப்பில் கண்ணெதிரே நிகழும் மாற்றங்கள் பெரும்பாலும் நீரின் ஆழத்தைப் பற்றியவை. 1934-இல் மேட்டூர் அணை கட்டப்பட்டதற்குப் பின் காவிரி நீர் பயிருக்கு முறைப்படுத்தப்பட்டது. அதன் பயன் மறுக்க முடியாதது, ஆயினும் டெல்டாவின் கடைமடைக்குக் கீழே கடலை நோக்கிச் செல்லும் நன்னீர் குறைந்தது. 1930-இல் இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த வேதாரண்யத்தில் உப்புத் தொழில் பழமையானது. அதில் பல்லாயிரம் உழைப்பாளர்களின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. ஆனால் சதுப்பைப் பாத்திகளாகப் பிரிக்கும் ஒவ்வொரு வரப்பும், மெல்லச் சரியும் தரையில் நகர்ந்துகொண்டிருந்த நீர்விளிம்பை ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது. பாத்திக்குள் நீர் எங்கும் ஒரே ஆழம். அந்த ஆழத்துக்கு ஏற்ற கால் கொண்ட பறவைக்கு அது விருந்து, மற்றவற்றுக்கு வெற்றிடம். தொடக்கப் பாத்திகளில் பறவைகள் மிகுந்திருப்பதைக் காட்டி, உப்பளமே சதுப்புக்கு ஈடு என்று வாதிடுவோர் உண்டு. இயற்கைச் சதுப்பு வற்றிக் கிடக்கும் காலத்தில் உப்பளம் நல்ல துணை என்பதை மட்டுமே அக்காட்சி நிறுவுகிறது.

சீமைக் கருவேலம் இன்னொரு விதத்தில் ஆழமற்ற விளிம்பைப் பறிக்கிறது. சதுப்பின் மேட்டு ஓரங்களில் அது புதராக மண்டும்போது, பருந்தும் நரியும் மறைந்து நெருங்க வாய்ப்புண்டு என்பதால், திறந்த வெளியை நம்பி வாழும் கரைப்பறவைகள் புதரை ஒட்டிய சேற்றைத் தவிர்க்கின்றன. இதனால் மரம் நிற்கும் இடத்தைவிட அகலமான பகுதி பயன்படாமற் போகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் கோடியக்காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தபோது அழிவு எல்லோர் கண்ணிலும் பட்டது. நீர் சில சென்டிமீட்டர் குறைவதும், ஓரம் சிறிது சிறிதாகப் புதராவதும் எவர் கண்ணிலும் படாமலேயே நடந்துவிடுகின்றன.

பறவை நோக்குவோரின் பட்டியல்களில் நாள், நேரம், இடம், இனம், எண்ணிக்கை ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. நீரின் ஆழம் அநேகமாக இடம்பெறுவதே இல்லை. நடைபாதையை ஒட்டிய சில இடங்களில் அளவுகோடிட்ட கம்பங்களை நட்டுவைப்பது வனத்துறைக்குப் பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. ஒவ்வொரு மாதமும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில் நடந்து, பறவைகளின் எண்ணிக்கைக்கு அருகிலேயே கம்பம் காட்டும் சென்டிமீட்டரையும், சேறு ஈரமாக இருக்கிறதா இறுகிவிட்டதா என்பதையும், காற்றின் திசையையும் எழுதிவைத்தால், ஐந்தாறு ஆண்டுகளில் பறவை குறைந்ததா, நீர் இடம் மாறியதா என்ற கேள்விக்குச் சான்றோடு விடை சொல்ல முடியும். கோடியக்கரைக்கு இந்தக் குளிர்காலத்தில் செல்லவிருக்கும் ஒவ்வோர் ஆர்வலரும் தம் குறிப்பேட்டில் அதற்கென ஒரு பத்தியை இப்போதே கோடிட்டுக்கொள்ள வேண்டும்.